நீத்தார் வரும் நாள்

நுழையும்முன்

மெக்சிகோ நாட்டில் ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மாதத்தின் முதலிரு நாள்களில் இறந்தோர் தத்தம் வீடுகளுக்கு விருந்தினராய் வருகின்றனர் என்பது மக்களின் நம்பிக்கை. மண்டையோட்டு ஒப்பனையும் வண்ண ஊர்வலமுமாகவே உலகம் அவ்விழாவை அறிந்திருக்கிறது. ஆயினும் வீட்டின் ஒரு மூலையில் அமைக்கப்படும் படையலே அதன் உயிர்நிலை. அப்படையலில் இடம்பெறுவோரைப் பற்றியும் இடம்பெற இயலாதோரைப் பற்றியும் பேசுகிறது இப்பாடம்.

அக்டோபர் 31ஆம் நாள் பொழுது சாயும் வேளையில் நடு மெக்சிகோவின் சிற்றூர்கள் பலவற்றில் வாயில்கள் மஞ்சள் நிறம் கொள்கின்றன. வீட்டுக்குள் இருக்கும் படையல் மேசையிலிருந்து வாயிற்படியைத் தாண்டித் தெரு வரையில் பூவிதழ்களைத் தூவிப் பாதை அமைக்கின்றனர். வருவோர் வழி தவறிவிடக் கூடாது என்பதற்காக அமைக்கப்படும் பாதை அது. முதலில் வருவோர் குழந்தைகள். இளமையில் இறந்த மக்களைச் 'சிறிய வானவர்' என்னும் பொருள்பட 'ஆங்கெலீத்தோ' என அழைக்கின்றனர். அவர்களுக்கான படையலில் பாலும் இனிப்பும் விளையாட்டுப் பொருள்களும் இருக்கும். சமைக்கும் உணவில் மிளகாய் சேர்ப்பதில்லை. இறந்து எத்தனை ஆண்டு கடந்தாலும் தாய்க்கு அது குழந்தையே. அதன் நாவுக்குக் காரம் ஆகாது.

மறுநாள் நண்பகலில் தேவாலய மணி ஒலிக்கும். குழந்தைகள் விடைபெற, பெரியோர் வரத் தொடங்குவர். நவம்பர் 2ஆம் நாள் குடும்பத்தார் கல்லறைத் தோட்டத்திற்குச் செல்வர். கல்லறையைக் கழுவிப் பூப்பரப்பி, மெழுகுவத்தி ஏற்றி, உடன் கொண்டு சென்ற உணவை அங்கேயே அமர்ந்து உண்பர். இசைக்குழுவை அமர்த்தி, இறந்தவர் விரும்பிய பாடலை அவர்தம் கல்லறைமுன் பாடச் செய்வாரும் உளர். அழுகையும் சிரிப்பும் அங்கே ஒன்றையொன்று விலக்குவதில்லை. ஸ்பானிய மொழியில் இவ்விழாவின் பெயர் 'தியா தே மூவெர்த்தோஸ்'. 'இறந்தோர் நாள்' என்பது அதன் நேர்ப்பொருள்.

படையல்

படையலை 'ஒஃப்ரெந்தா' என்பர். மேசையின்மீது பெட்டிகளை அடுக்கிப் படிகளாக்கி, தூய துணி விரித்து, மேற்படியில் இறந்தோரின் ஒளிப்படங்களை வைப்பது பரவலான வழக்கம். படி இரண்டாகவோ மூன்றாகவோ ஏழாகவோ இருக்கலாம். அது ஊருக்கு ஊர் வேறுபடும். மாறாதன சில உண்டு. நெடுந்தொலைவு நடந்து வருவோர்க்கு முதலில் வேண்டுவது தண்ணீர். எனவே ஒரு குவளைத் தண்ணீர் இல்லாத படையலைக் காண்பது அரிது. அதன் அருகே உப்பு. இறந்தோர் ஒவ்வொருவருக்கும் ஒரு மெழுகுவத்தி ஏற்றுவது பல வீடுகளின் முறை. ஏற்றும்போது பெயரைச் சொல்லி ஏற்றுவதால், வீட்டுச் சிறுவர்கள் தாம் பார்த்திராத முன்னோரின் பெயர்களை அவ்விரவில் கற்றுக்கொள்கின்றனர். மரப்பிசினாகிய 'கோப்பல்' தணலில் இடப்பட்டுப் புகையும். குங்கிலியப் புகையை அறிந்தவர்க்கு அதன் மணம் முற்றிலும் புதியதாக இராது. மேலே, மெல்லிய வண்ணத்தாளை அடுக்காக வைத்து உளியால் குடைந்து செய்த தோரணங்கள் தொங்கும். புவேப்லா மாநிலத்தின் சான் சல்வடோர் விஸ்கொலோட்லா என்னும் ஊர் இத்தாள்வேலைக்குப் பெயர் பெற்றது.

பாதையாகத் தூவப்படும் மஞ்சள் பூவின் பெயர் 'செம்பசூச்சில்'. அஸ்டெக் மக்களின் மொழியாகிய நாவாட்டிலில் 'செம்போவல்லி' என்றால் இருபது. 'சோச்சிட்ல்' என்றால் மலர். இதழ்கள் மிகுதியாக இருத்தலைக் குறித்து 'இருபது மலர்' எனப் பெயரிட்டனர். தமிழ்நாட்டுப் பூக்கடைகளில் குவிந்து கிடக்கும் செண்டுமல்லியே அது. கோயில் மாலையிலும் திருமணப் பந்தலிலும் பிறந்த மண்ணின் பூப்போல் ஒன்றிவிட்ட செண்டுமல்லியின் தாயகம் மெக்சிகோ. ஐரோப்பியர் கடல்வழி கண்ட பின்னரே அது இந்தியாவை அடைந்தது. மிளகாயும் தக்காளியும் வந்ததும் அவ்வாறே.

உணவு வகைகளுள் முதன்மையானது 'மோலே'. பலவகை வற்றல் மிளகாய், எள், நறுமணப் பொருள்கள் ஆகியவற்றோடு சில ஊர்களில் கொக்கோவும் சேர்த்து அரைத்த கெட்டிக் குழம்பு அது. அரைக்கும் கல்லுக்கு 'மெத்தாத்தே' என்று பெயர். அம்மியும் குழவியும் கண்டவர்க்கு அதனை விளக்க வேண்டியதில்லை. மக்காச்சோள மாவைச் சோளக்கதிரின் தோகையில் பொதிந்து ஆவியில் வேகவைத்த 'தமால்', எலும்பு வடிவில் மாவுக்கோடுகள் இட்ட வட்டமான 'இறந்தோர் ரொட்டி', சர்க்கரைப் பாகால் வார்த்த மண்டையோடுகள் ஆகியனவும் இடம்பெறும். சர்க்கரை மண்டையோட்டின் நெற்றியில் ஒரு பெயரை எழுதுவர். அது பெரும்பாலும் உயிரோடிருக்கும் நண்பரின் பெயர்! பெற்றவர் நகைத்தவாறே தம் மண்டையைத் தாமே கடித்துத் தின்பார்.

இவையெல்லாம் எல்லா வீட்டுக்கும் பொதுவானவை. ஒவ்வொரு படையலையும் பிறிதொன்றிலிருந்து வேறுபடுத்துவது இறந்தவரின் தனி விருப்பமே. ஒருவருக்கு ஒரு குறிப்பிட்ட சுருட்டு. மற்றொருவருக்குக் கற்றாழையினத் தாவரத்திலிருந்து வடித்த 'மெஸ்கால்' மது. இன்னொருவருக்குக் கடையில் விற்கும் குளிர்பானம். தச்சருக்கு அவர்தம் உளியும் தையற்காரருக்கு அவர்தம் கத்தரியும் வைக்கப்படும். பாட்டனாருக்குக் காப்பி இனிப்போடு வேண்டுமா, இன்றி வேண்டுமா என்பதை அறிந்த ஒருவரேனும் வீட்டில் இருந்தாக வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு முன் மறைந்தவரின் நாச்சுவையை அவரைக் கண்டிராத பேரன் அறிந்திருப்பது இவ்வழியில்தான். பொதுவாகச் 'சாவு' என்னும் ஒன்றுக்கு இப்படையல் வைக்கப்படுவதில்லை. பெயரும் முகமும் சுவையும் உடைய ஒருவருக்கே வைக்கப்படுகிறது. விழாவின் ஏனைய கூறுகளையெல்லாம் இந்த ஒன்றைக் கொண்டே அளத்தல் தகும்.

விழா முடிந்தபின் படையல் உணவை உற்றாரும் அயலாரும் பகிர்ந்து உண்பர். வந்து சென்றோர் மணத்தை உண்டுவிட்டமையால் அவ்வுணவில் சுவை குன்றியிருக்கும் என்று கூறிக்கொண்டே உண்பர். எனினும் மிச்சம் வைப்பதில்லை.

ஊர்தோறும்

புவேப்லா மாநிலத்தின் வாக்கெச்சூலா என்னும் ஊரில், அவ்வாண்டில் இறந்தோர்க்கு வெண்பட்டால் ஆகிய அடுக்கு மாடங்களைக் கூரையளவு உயர்த்துகின்றனர். இறந்தவரின் ஒளிப்படம் அதில் நேராகத் தெரியாது. எதிரே வைத்த கண்ணாடியின் வழியாகவே அதனைக் காண இயலும். இறந்தவர் இவ்வுலகில் நேரே இல்லை, நிழலாகவே இருக்கிறார் என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கம். முன்பின் அறியாதவரும் அவ்வீடுகளுக்குள் சென்று வணங்கலாம். எவரையும் உண்ணாமல் அனுப்புவதில்லை. இதற்காகக் குடும்பங்கள் பெரும்பொருளைச் செலவிடுகின்றன. கடன்படும் அளவுக்கு இது தேவையா என்னும் வினா அந்நாட்டிலும் எழாமல் இல்லை.

மிச்சோவகான் மாநிலத்தில் பாட்ஸ்குவாரோ ஏரியின் நடுவே ஹனிட்சியோ என்னும் தீவு உண்டு. அங்கு வாழும் புரேப்பெச்சா இன மக்கள் நவம்பர் முதல் நாளிரவு முழுவதும் கல்லறைகளின் அருகே மெழுகுவத்தியோடு விழித்திருக்கின்றனர். அக்காலத்தில்தான் வட அமெரிக்காவின் குளிருக்கு அஞ்சி மொனார்க் வண்ணத்துப்பூச்சிகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து அம்மாநிலத்து மலைக்காடுகளை வந்தடைகின்றன. அவை திரும்பி வரும் உயிர்களே என்று கருதும் மரபு அப்பகுதியில் உண்டு. இன்று அத்தீவுக்கு வரும் சுற்றுலாப் பயணியரின் ஒளிப்படக் கருவிகள், விழித்திருப்போரின் மெழுகுவத்திகளுக்குப் போட்டியாக மின்னுகின்றன.

தென்கிழக்கே காம்ப்பெச்சே மாநிலத்தில் மாயா மக்கள் வாழும் போமுச் என்னும் ஊரின் வழக்கம் பிறவற்றினின்று வேறானது. புதைத்து மூன்றாண்டு கழிந்தபின் எலும்புகளை வெளியே எடுத்து மரப்பெட்டியில் சேர்க்கின்றனர். பின்னர் ஆண்டுதோறும் இவ்விழாவை ஒட்டி அவ்வெலும்புகளை ஒவ்வொன்றாகத் தூரிகையால் துடைத்து, பழைய துணியை நீக்கி, பூவேலை செய்த புதுத்துணியை விரித்து வைக்கின்றனர். துடைக்கும்போது மகளோ மருமகளோ வீட்டுச் செய்திகளைப் பேசிக்கொண்டே துடைப்பதும் உண்டு. புறத்தார்க்கு அச்சம் தரும் இக்காட்சி, அவர்களுக்குத் தாய்க்குத் தலைவாரி விடுவதைப் போன்ற ஒரு பணிவிடை.

பழைய வேரும் புதிய வேரும்

ஸ்பானியர் வருகைக்கு முன் மெக்சிகோவை ஆண்ட அஸ்டெக் மக்கள், இயல்பான முறையில் இறந்தோர் 'மிக்ட்லான்' என்னும் கீழுலகை அடைவதாக நம்பினர். ஒருவர் எவ்வாறு வாழ்ந்தார் என்பதைவிட எவ்வாறு இறந்தார் என்பதே அவர் சேருமிடத்தை முடிவு செய்தது. மிக்ட்லானுக்கான பயணம் நான்கு ஆண்டுகள் நீளும். இடையில் ஓர் ஆறு குறுக்கிடும். அதனைக் கடக்க நாய் ஒன்று துணைவரும். இறந்த சிறாருக்கு ஒன்றும் பெரியோருக்கு ஒன்றுமாக இரு விழாக்கள் அவர்களின் நாட்காட்டியில் அடுத்தடுத்த மாதங்களில் இருந்தன.

1521இல் அஸ்டெக் தலைநகர் ஸ்பானியரிடம் வீழ்ந்தது. கத்தோலிக்கத் திருச்சபையின் நாட்காட்டியில் நவம்பர் 1 புனிதர் அனைவருக்கும், நவம்பர் 2 இறந்த விசுவாசிகள் அனைவருக்கும் உரியவை. 16ஆம் நூற்றாண்டில் மெக்சிகோவில் வாழ்ந்த தியேகோ துரான் என்னும் துறவி ஒரு செய்தியைப் பதிவு செய்துள்ளார். புனிதர் திருநாளில் ஊரார் படையல் வைப்பதைக் கண்டு, அது யாருக்கு என அவர் வினவினார். அது இறந்த குழந்தைகளுக்கு என விடை வந்தது. மறுநாள் பெரியோர்க்கும் அவ்வாறே வைத்தனர். பழைய இரு விழாக்களையும் புதிய சமயத்தின் நாள்களுக்குள் மக்கள் மறைத்து வைத்துவிட்டனரோ என்று துரான் ஐயுற்றார். அவர் மனவருத்தத்தோடு எழுதிய அக்குறிப்பே இன்று இவ்விழாவின் தொன்மைக்குச் சான்றாகக் காட்டப்படுகிறது!

இக்கருத்தை அறிஞர் அனைவரும் ஏற்பதில்லை. வரலாற்றாசிரியர் எல்சா மல்வீதோ, விழாவின் பெரும்பகுதி ஐரோப்பியக் கத்தோலிக்க மரபினின்று வந்ததே என்றார். மானிடவியலாளர் ஸ்டான்லி பிராண்டஸும் குடியேற்றக் காலத்துச் சூழலையே வலியுறுத்துகிறார். மெக்சிகப் புரட்சிக்குப் பின்னர் நாட்டுக்கென ஒரு தனியடையாளத்தைத் தேடிய கலைஞரும் அரசினரும் இவ்விழாவின் பழங்குடி வேரை மிகுத்துக் காட்டினர் என்பதையும் மறுப்பதற்கில்லை. படையல் மேசையையே சான்றாகக் கொண்டால் வழக்கு ஒருவாறு தெளிவுறும்: செம்பசூச்சிலும் மக்காச்சோளமும் கோப்பலும் அம்மண்ணுக்கு உரியவை, நாளும் கோதுமை ரொட்டியும் சர்க்கரையும் கடல் கடந்து வந்தவை. தமிழ்நாட்டுக் கத்தோலிக்கக் கிறித்தவர்கள் அதே நவம்பர் 2ஆம் நாளைக் கல்லறைத் திருநாளாகக் கொண்டு, கல்லறைகளுக்கு வெள்ளையடித்துப் பூவும் மெழுகுவத்தியும் வைக்கின்றனர். திருச்சபையின் நாள் ஒன்றே. ஒவ்வொரு நாட்டிலும் அது அந்நாட்டு மக்களின் நீத்தார் கடனோடு கலந்திருக்கிறது.

தெரிந்து தெளிவோம்

இறந்தோருக்குரிய மெக்சிகப் பழங்குடி விழாவை யுனெஸ்கோ நிறுவனம் 2003ஆம் ஆண்டு வாய்மொழி மற்றும் புலப்படா மரபுச் செல்வங்களுள் தலைசிறந்ததாக அறிவித்தது. 2008இல் அது மானுடத்தின் புலப்படாப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

சிரிக்கும் எலும்புக்கூடு

இவ்விழாவின் அடையாளமாக உலகெங்கும் அறியப்படுவது பூவணித் தொப்பி அணிந்த ஒரு பெண் எலும்புக்கூடு. அதனைச் செதுக்கியவர் ஹோசே குவாதலூப்பே பொசாதா (1852 - 1913). அவர் மலிவுத்தாள் வெளியீடுகளுக்குப் படம் செதுக்கிப் பிழைத்தவர். விழாவை ஒட்டி, உயிரோடிருக்கும் அரசியலாரும் செல்வரும் இறந்துவிட்டதாகக் கற்பனை செய்து எள்ளி நகையாடும் பாடல்கள் அக்காலத்தில் அச்சிடப்பட்டன. 'கலவேரா' எனப்பட்ட அவ்வகைப் பாடல்களை மாணவர்கள் தம் ஆசிரியரைக் குறித்து இன்றும் எழுதுகின்றனர். பொசாதாவின் பெண், தன் பழங்குடிப் பிறப்பை மறைத்து ஐரோப்பிய உடையில் பகட்டித் திரிவோரைக் கேலி செய்யப் பிறந்தவள். அவர் செதுக்கியது தலையும் தொப்பியும் மட்டுமே. ஓவியர் தியேகோ ரிவேரா 1947இல் முடித்த பெருஞ்சுவரோவியம் ஒன்றில் அவளுக்கு முழு உடலும் உடையும் தந்து, சிறுவனாகிய தம் கையை அவள் பற்றியிருப்பதாக வரைந்தார். 'கத்ரீனா' என்னும் பெயரும் அவளுக்கு நிலைத்தது.

பொசாதா வறுமையில் இறந்தார். ஏழைகளுக்கெனக் கட்டணமின்றி ஒதுக்கப்பட்ட குழியில் புதைக்கப்பட்டார். ஏழாண்டுக்குப் பின் எவரும் கேட்டு வராமையால் அவர்தம் எலும்புகள் பொதுக்குழியில் சேர்க்கப்பட்டன. நாட்டின் இறந்தோர்க்கெல்லாம் முகம் தந்தவரின் கல்லறையில் பூவைக்க இன்று இடம் இல்லை.

கவிஞர் ஆக்டேவியோ பாஸ், 1950இல் வெளிவந்த தம் கட்டுரை நூலில், மெக்சிகர் சாவை அஞ்சி ஒதுக்காமல் அதனோடு கேலி பேசிப் பழகுகின்றனர் என்னும் கருத்தை விரித்துரைத்தார். பின்னாளில் இந்தியாவுக்கான மெக்சிகத் தூதராகப் பணியாற்றி (1962 - 1968), 1990இல் இலக்கியத்திற்கான நோபல் பரிசும் பெற்றவர் அவர். அவர்தம் கருத்து அழகானது. அதனாலேயே அளவுக்கு மீறிப் பரவியது. போமுச் ஊரில் எலும்பைத் துடைக்கும் மகள் சாவைக் கேலி செய்கிறாள் என்று சொல்ல இயலாது.

2015இல் வெளிவந்த ஜேம்ஸ் பாண்ட் திரைப்படம் ஒன்று, மெக்சிகோ நகரத் தெருக்களில் மாபெரும் எலும்புக்கூட்டு ஊர்வலம் ஒன்றைக் காட்டியது. அப்படி ஓர் ஊர்வலம் அதற்கு முன் அந்நகரில் இருந்ததில்லை. படம் பார்த்து வருவோரை ஏமாற்ற விரும்பாத நகரம், அடுத்த ஆண்டே அதனை உண்மையாக்கியது! இன்று பெருங்கூட்டம் திரளும் விழாவாக அது வளர்ந்துவிட்டது. அதற்கு முன்னரே, 2013இல், டிஸ்னி நிறுவனம் விழாவின் பெயரைத் தன் திரைப்படப் பொருள்களுக்கு வணிகக்குறியாகப் பதிவு செய்ய விண்ணப்பித்து, எதிர்ப்பு வலுக்கவே விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது. ஊர்வலத்தைப் பழிப்பதற்கில்லை, விழாக்கள் எக்காலத்தும் புதியன ஏற்றே வந்துள்ளன. ஆனால் ஊர்வலத்து எலும்புக்கூட்டுக்குப் பெயரில்லை. அதற்குப் பிடித்த சுருட்டு எது என்று எவருக்கும் தெரியாது.

படம் வைக்க இயலாதோர்

2020ஆம் ஆண்டு கொரோனாப் பெருந்தொற்றினால் மெக்சிகோவின் பல பகுதிகளில் விழா நாள்களில் கல்லறைத் தோட்டங்கள் மூடப்பட்டன. அரசு அம்மூன்று நாள்களைத் தேசியத் துயர நாள்களாக அறிவித்தது. ஊர்வலம் இல்லை, சந்தை மெலிந்தது. நோயில் மறைந்தோர் பலருக்குக் குடும்பத்தார் இறுதி முறைகளைக்கூடச் செய்திருக்கவில்லை. வீட்டு மூலையின் படையல் மட்டும் எஞ்சியது. கல்லறையைக் காண முடியாத ஆண்டில், அந்த மேசையே பலருக்குக் கல்லறையும் ஆயிற்று.

அதைவிடக் கடுமையான துயர் ஒன்றும் அந்நாட்டில் உண்டு. குற்றக்கும்பல்களின் வன்முறையும் அவற்றோடு கைகோத்த அலுவலரின் செயல்களும் மிகுந்த காலத்தில், கடத்தப்பட்டுக் காணாமற்போனோராக அரசின் பதிவேட்டில் இடம்பெற்றோரின் எண்ணிக்கை 2022ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு லட்சத்தைக் கடந்தது. 2014ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாளிரவு அயோட்சினாப்பா ஆசிரியர் பயிற்சிப் பள்ளியின் மாணவர் 43 பேர் இகுவாலா நகரில் காணாமற்போயினர். அவர்தம் பெற்றோர், மக்களை உயிரோடு திரும்பத் தருமாறே கேட்டு வந்தனர்.

நவம்பர் வரும்போது இத்தகைய குடும்பங்களின் முன் ஒரு வினா நிற்கிறது: மகனின் ஒளிப்படத்தை மேசையில் வைப்பதா, வேண்டாமா? வைத்தால் அவன் இறந்துவிட்டான் என்று தாயே ஒப்புக்கொண்டதாகும். வைக்காவிட்டால், ஒருவேளை அவன் இறந்திருப்பின், தண்ணீர் தர எவரும் இன்றி அவன் அலைவான். பலர் வைப்பதில்லை. அப்படத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு தெருவில் நின்று நீதி கேட்கின்றனர். தாய்மார் பலர் குழுவாகச் சேர்ந்து, புதைத்த இடங்கள் எனத் துப்புக் கிடைத்த வெளிகளுக்குச் சென்று, இரும்புக் கம்பியை மண்ணில் அடித்து இறக்கி, மேலே இழுத்து அதன் நுனியை முகர்ந்து பார்த்துத் தேடுகின்றனர். கிடைத்த எலும்பு தம் மகனுடையது என மரபணு ஆய்வு உறுதி செய்த பின்னரே அவ்வீட்டில் பூவிதழ்ப் பாதை அமையும். பிற வீடுகளில் வழக்கமாக நடைபெறும் ஒன்று, அங்கே ஆண்டுக்கணக்கான தேடலின் முடிவாக நிகழ்கிறது.

மரபு இவர்களை முற்றும் அறியாததன்று. பல வீடுகளில் படையலிலிருந்து சற்று விலகியோ வாயிலின் புறத்தேயோ ஒரு மெழுகுவத்தியைத் தனியே ஏற்றுவர். அது அவ்வீட்டார் எவருக்கும் உரியதன்று. பெயர் சொல்வாரும் கேட்டு வருவாரும் இன்றிப் பொதுக்குழியிலோ வழியிலோ கிடப்போர்க்கு உரியது. 'தனித்த உயிர்' என அவரைச் சுட்டுவர். அவருக்குப் பிடித்தது எது என்பதை எவரும் அறியார்; ஆகையால் அம்மெழுகுவத்தியின் அருகே எவரும் மறுக்காத ஒரு துண்டு ரொட்டியையும் ஒரு குவளைத் தண்ணீரையும் வைக்கின்றனர்.